எரிக்காத நிலக்கரியின் கணக்கு

ஓர் அனல்மின் நிலையத்தில் நூறு கிலோ நிலக்கரியைக் கொட்டி எரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கொதிகலனில் எரிந்து, நீராவியாகி, டர்பைனைச் சுழற்றி மின்சாரமாக வெளியே வரும்போது அதில் ஏறக்குறைய 35 கிலோவின் ஆற்றல்தான் மிஞ்சுகிறது. மற்றதெல்லாம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்புக் கோபுரத்தின் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. கம்பிகளிலும் டிரான்ஸ்பார்மர்களிலும் இன்னும் நாலைந்து கிலோ கரைந்து, வீட்டுக்கு வந்து சேர்வது 30. அந்த மின்சாரத்தைக் கொண்டு ஒரு குண்டு பல்பை எரித்தால் இருபதில் ஒரு பங்குதான் ஒளியாகிறது. ஆக, நூறு கிலோ கரியில் நமக்கு வெளிச்சம் கொடுத்தது ஒன்றரை கிலோ. ஆனால் கரியமில வாயு நூறு கிலோவுக்கும் சேர்த்து வானத்துக்குப் போயிருக்கிறது.

60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை 9 வாட் எல்இடி பல்பு தந்துவிடுகிறது. நூறு கிலோ எரித்த இடத்தில் இப்போது 15 கிலோ போதும். விளக்கடியில் படிக்கிற பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை. 85 கிலோ கரி வெட்டப்படாமல் பூமிக்குள்ளேயே கிடக்கிறது.

அந்த 85 கிலோவைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஆற்றல் திறன் என்று துறையில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். நாம் இதைப் பெரும்பாலும் சிக்கனத்தோடு குழப்பிக்கொள்கிறோம். ‘அறையை விட்டு வெளியே போகும்போது மின்விசிறியை அணை’ என்பது சிக்கனம். அதே காற்றைப் பாதி மின்சாரத்தில் தருகிற மின்விசிறியை மாட்டுவது திறன். இரண்டும் வேண்டியவையே. ஆனால் சிக்கனம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருடைய நினைவையும் நம்பியிருக்கிறது. திறன் ஒருமுறை அமைந்துவிட்டால் யாரும் நினைவில் வைக்காமலேயே பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்கிறது. புவி வெப்பமாதலைத் தடுக்கக் கைவசம் இருக்கும் வழிகளில் மிக மலிவானது இது என்பதில் வல்லுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இருந்தும் உலகம் இதில் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது? ஐம்பதாண்டு அனுபவத்தை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம்.

நான்கு எண்களின் பெருக்கல்

மனிதர்கள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எரிசக்தியிலிருந்து வருகிறது. எரிசக்தி சார்ந்த கரியமில வாயு மட்டுமே 2023-இல் 3,700 கோடி டன்னைத் தாண்டியது.

இந்த உமிழ்வை ஜப்பானிய அறிஞர் யோய்ச்சி காயா நான்கு எண்களின் பெருக்கலாக எழுதிக் காட்டினார். மக்கள்தொகை, தலைக்கு இவ்வளவு என்ற பொருளாதார உற்பத்தி, ஒரு ரூபாய் உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றல், ஒரு அலகு ஆற்றலுக்கு வெளியாகும் கரியமில வாயு. முதல் எண்ணை எந்த அரசும் விரைவில் குறைத்துவிட முடியாது. இரண்டாவதைக் குறைக்கச் சொல்வது ஏழை நாடுகளை ஏழையாகவே இருக்கச் சொல்வதாகும். எஞ்சுவது இரண்டு. நான்காவது எண்ணைச் சூரிய மின்தகடும் காற்றாலையும் குறைக்கின்றன. மூன்றாவது எண்ணைக் குறைப்பதே ஆற்றல் திறன்.

சூரிய மின்சாரம் பற்றித் தினமும் செய்தி வருகிறது. மூன்றாவது எண்ணைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2023 டிசம்பரில் துபாயில் நடந்த 28-ஆவது காலநிலை மாநாட்டில் உலக நாடுகள் இரண்டு இலக்குகளைச் சேர்த்தே ஏற்றன. 2030-க்குள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திறனை மூன்று மடங்காக்குவது ஒன்று. ஆற்றல் திறன் மேம்படும் வேகத்தை ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவது மற்றொன்று. முதல் இலக்கை நோக்கி உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில், மாநாட்டுக்கு அடுத்த ஆண்டான 2024-இல் எட்டிய வேகம் சுமார் 1 சதவீதம்தான் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. இரட்டிப்பாக வேண்டியது அந்த ஆண்டில் பாதியானது.

1973 கற்றுக்கொடுத்த பாடம்

ஆற்றல் திறன் என்ற துறையே ஒரு நெருக்கடியில் பிறந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன.

அந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் ஆய்வகத்தை விட்டுக் கிளம்பினார். என்ரிகோ ஃபெர்மியிடம் பயின்று, துகள் இயற்பியலில் பெயர் பெற்றவர். மறுநாள் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டுமே என்ற எண்ணம் அவருக்கு. அதே நேரத்தில் அவருடைய தளத்தில் ஆளில்லாத இருபது அறைகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வார இறுதி முழுக்க எரியும். அணைக்கலாம் என்று போனால் சுவிட்சுகளையே காணோம். அலமாரிகளுக்குப் பின்னாலும், புத்தக அடுக்குகளுக்குப் பின்னாலும், சுவரொட்டிகளுக்கு அடியிலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மின்சாரம் அவ்வளவு மலிவாக இருந்ததால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையே மறந்துவிட்ட சமூகம் அது. அந்த இரவுக்குப் பிறகு அவர் துகள் இயற்பியலிலிருந்து மெல்ல விலகி, 2017-இல் இறக்கும்வரை ஆற்றல் திறனுக்காகவே உழைத்தார்.

அவரும் அவருடைய சகாக்களும் கலிபோர்னிய அரசிடம் வற்புறுத்திய முதல் பொருள்களில் ஒன்று குளிர்பதனப் பெட்டி. 1970-களின் நடுவில் அமெரிக்க வீடுகளின் ஃபிரிட்ஜ் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 1,800 யூனிட் இழுத்தது. ‘இந்த அளவுக்கு மேல் இழுக்கும் பெட்டியை இங்கே விற்கக் கூடாது’ என்று கலிபோர்னியா விதி வகுத்தது. பிற்பாடு நாடு முழுவதுக்கும் அது விதியாகி, படிப்படியாக இறுகியது. 2001 விதியின்படி வந்த பெட்டிகள் இழுத்தது சுமார் 500 யூனிட். இத்தனைக்கும் பெட்டி முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலையும் இறங்கியிருந்தது. விலை கூடிவிடும் என்ற தயாரிப்பாளர்களின் அச்சம் பலிக்கவில்லை. காப்புப் பஞ்சும் கம்ப்ரசரும் கதவின் ரப்பர் பட்டையும் மேம்பட்டன, அவ்வளவுதான்.

1970-களின் நடுவிலிருந்து கலிபோர்னியாவில் தலைக்கு ஆகும் மின்சாரம் ஏறத்தாழ அதே அளவில் நிற்க, அமெரிக்காவின் சராசரி ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. இதற்கு ‘ரோசன்ஃபெல்ட் விளைவு’ என்று பெயர். இதமான தட்பவெப்பம், உயர்ந்த கட்டணம், கனரகத் தொழில்கள் குறைவு என்ற காரணங்களுக்கும் இதில் பங்கு உண்டு; முழுப் பெருமையையும் விதிகளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் கணிசமான பங்கு விதிகளுடையதே.

டென்மார்க்கின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு 1970-களின் தொடக்கத்தில் இறக்குமதி எண்ணெயாக இருந்தது. நெருக்கடிக்குப் பின், மின் நிலையங்கள் கடலில் கொட்டிக்கொண்டிருந்த வெந்நீரைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் குளிர்காய வைத்தார்கள். 1979-இல் அதற்கென்றே சட்டம் வந்தது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு இப்படித்தான் சூடாகின்றன. பொருளாதாரம் வளர்ந்தும் எரிசக்தித் தேவை பல பத்தாண்டுகளாக அநேகமாக ஒரே இடத்தில் நிற்கிறது. அதே 1979-இல் ஜப்பானும் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. 1998-இல் அது திருத்தப்பட்டபோது ‘முன்னோடி’ முறை வந்தது: இன்று சந்தையில் இருப்பதிலேயே சிறந்த பொருள் எதுவோ அதன் திறனை, குறித்த ஆண்டுக்குள் எல்லா நிறுவனங்களும் எட்ட வேண்டும். முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒருவர் செய்து காட்டிவிட்டார் அல்லவா?

விளக்கு: விலை விழுந்த கதை

உலக மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு ஒரு காலத்தில் விளக்குகளுக்கே போனது. நீல ஒளி தரும் எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் வந்த பிறகுதான் வெள்ளை விளக்கு சாத்தியமாயிற்று.

ஆனால் கண்டுபிடிப்பு வேறு, கடைக்கு வருவது வேறு. 2014 ஜனவரியில் இந்தியாவில் ஓர் எல்இடி பல்பின் மொத்தக் கொள்முதல் விலையே 310 ரூபாய். பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் குண்டு பல்பு கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்? பொதுத்துறை மின் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய இஇஎஸ்எல் நிறுவனம், நாடு முழுவதற்குமான தேவையை ஒன்றாகத் திரட்டிக் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் விலை இறங்கி, 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தில் பல்புகள் சுமார் 70 ரூபாய்க்கு விற்கப்பட்டன. கையில் காசில்லாதவர்கள் மின்கட்டணத்தோடு மாதம் 10 ரூபாயாகக் கட்டினார்கள். அரசு மானியம் தரவில்லை. இப்படி 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் போய்ச் சேர்ந்தன. அரசின் மதிப்பீட்டில் இதனால் ஆண்டுக்கு 4,700 கோடி யூனிட்டுக்கு மேல் மிச்சம். தவிர்க்கப்பட்ட கரியமில வாயு ஏறத்தாழ 3.9 கோடி டன்.

இந்தியாவுக்கு முன்பே இந்த வழியில் நடந்த நாடுகள் உண்டு. கியூபா 2006-ஐ ‘எரிசக்திப் புரட்சி ஆண்டு’ என்று அறிவித்து, வீடு வீடாகப் போய்க் குண்டு பல்புகளைக் கழற்றி சிஎஃப்எல் மாட்டியது. கானா 2007-இல் 60 லட்சம் சிஎஃப்எல் பல்புகளை இலவசமாக வழங்கியது. பிறகு, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து குவிந்த பழைய ஃபிரிட்ஜுகளின் இறக்குமதியைத் தடை செய்தது. பணக்கார நாடுகள் கழித்துப்போடும் மின்தின்னிகளை ஏழை நாடுகளுக்கு ஏற்றிவிடுவதும் உமிழ்வு ஏற்றுமதிதான் என்பதைக் கானாவின் அனுபவம் சொல்கிறது.

மோட்டார்: கண்ணில் படாத பெருந்தீனி

விளக்கைப் பற்றிப் பேசுகிறோம், கண்ணுக்குத் தெரிகிறது. உலக மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் விழுங்கும் மோட்டாரைப் பற்றிப் பேசுவதில்லை. பம்ப், கம்ப்ரசர், காற்றாடி, நூற்பாலைக் கதிர்கள், லிப்ட் என எல்லாவற்றின் அடியிலும் இருப்பது அதுவே.

ஒரு 10 ஹெச்பி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் சுமார் 40,000 யூனிட் இழுக்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் 3,20,000 ரூபாய். மோட்டாரின் விலை முப்பது, நாற்பதாயிரம். அதாவது வாங்கிய விலையை இரண்டு மாதத்துக்குள் மின்சாரமாகத் தின்றுவிடுகிறது. ஆனால் கடையில் பேரம் நடப்பது அந்த நாற்பதாயிரத்தைப் பற்றி. எரிந்துபோனால் காயில் கட்டி மறுபடி ஓட்டுகிறோம். பழைய கம்பியை உருவத் தீயிட்டுச் சுடும்போது இரும்புத் தகடுகளின் தன்மை கெட்டு, ஒவ்வொரு முறையும் திறன் ஒன்றிரண்டு சதவீதம் இறங்கக்கூடும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மோட்டாரைவிடப் பெரிய வீணடிப்பு அதைச் சுற்றியுள்ள அமைப்பில் இருக்கிறது. பல ஆலைகளில் காற்றாடி முழு வேகத்தில் ஓடும். காற்று அதிகமானால் பாதையில் ஒரு தகட்டை வைத்து மறிப்பார்கள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வாயை உள்ளங்கையால் பொத்துவது போன்ற வேலை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவைப் பொருத்தினால் கதை மாறுகிறது. காற்றாடியும் பம்பும் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மின்சாரத்தில் பாதியை மிச்சம் பிடிப்பது இயற்கை நமக்குக் கொடுத்த சலுகை.

அழுத்தக் காற்றும் அப்படியே. மதிய உணவு நேரத்தில் இயந்திரங்கள் நின்றபின் ஓர் ஆலைக்குள் போய் நின்று காது கொடுத்தால் ‘உஸ்ஸ்’ என்ற ஓசை கேட்கும். குழாய் இணைப்புகளில் காற்று கசிகிறது. மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இரவு பகலாக ஓடும் ஆலையில் ஆண்டுக்கு இருபதாயிரம் யூனிட்டுக்கு மேல் வீணாக்கும். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். அடைக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

குளிர்ச்சி: இனி வரப்போகும் சுமை

விளக்கில் உலகம் வென்றது. குளிர்ச்சியில் இன்னும் முடிவு தெரியவில்லை. சர்வதேச எரிசக்தி முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி ஏசிகளும் மின்விசிறிகளும் உலக மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கை இழுக்கின்றன. அப்போது உலகில் இருந்த ஏசிகள் 160 கோடி. 2050-இல் 560 கோடியாகும் என்று அது கணித்தது. இந்தியாவில் இன்றும் பத்தில் ஏறத்தாழ ஒரு வீட்டில்தான் ஏசி இருக்கிறது. சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் தூங்க முடியாமல் புரளும் குடும்பத்திடம் ‘ஏசி வாங்காதே’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அவர்கள் வாங்கப்போகும் ஏசி எப்படிப்பட்டது என்பதே கேள்வி.

உலகில் விற்பனையாகும் சராசரி ஏசியின் திறன், கிடைப்பதிலேயே சிறந்ததன் திறனில் பாதிகூட இல்லை என்றது அதே ஆய்வு. இன்று ஒருவர் வாங்கும் மட்டமான ஏசி பத்தாண்டுக்கு அந்த வீட்டில் இருக்கும். சாயங்கால உச்ச நேரத்துக்கென ஒரு மின் நிலையத்தைக் கட்ட வைக்கும். அதிலிருந்து கசியும் வாயுவும் சேர்ந்துகொள்கிறது: பழைய ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்-410ஏ வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. வாயுவை மாற்ற இயந்திரத்தைத் திறக்கும்போதே திறனையும் கூட்டிவிட்டால் ஒரே செலவில் இரண்டு பலன்.

மின்விசிறியில் நானே எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு ஈபி மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். 3,200 முறை மினுங்கினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. ஒரு நாள் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹாலில் உள்ள பழைய மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். நிமிடத்துக்கு நான்கு மினுங்கல். கணக்குப் போட்டால் 75 வாட். பிறகு அதை நிறுத்திவிட்டுப் படுக்கையறையில் புதிதாக மாட்டிய பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார் கொண்ட) மின்விசிறியை ஓட்டினேன். இரண்டு நிமிடத்தில் மூன்றே மினுங்கல், 28 வாட். காற்று இரண்டிலும் ஒன்றுதான். நாளுக்கு 16 மணி நேரம் என்றால், இரண்டு மாத ரீடிங்கில் பழையது 72 யூனிட், புதியது 27. ஒரே மின்விசிறியில் ஆண்டுக்கு 270 யூனிட் வித்தியாசம். நம் நாட்டின் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்பதால், 190 கிலோ. இந்தியாவில் எத்தனை கோடி வீடுகள், வீட்டுக்கு எத்தனை மின்விசிறிகள் என்று பெருக்கிப் பார்த்தால் இதன் அளவு புரியும். 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

வீடு, ஆலை, சாலை

குளிர்நாடுகளில் ஆற்றலின் பெரும்பகுதி வீட்டைச் சூடாக்கவே போகிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் எழுப்பிய வீட்டு வரிசை, தடித்த காப்புச் சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, கசிவில்லாத கட்டமைப்பு இவற்றைக் கொண்டே சூடாக்கும் தேவையைச் சாதாரண வீடுகளின் தேவையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு இறக்கிக் காட்டியது. நம் ஊர்களில் இதன் மறுபக்கம்: மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுவது, மேற்குச் சுவருக்கு நிழல் தருவது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வகுத்தது.

ஆலைகளில் சிமென்ட் நல்ல எடுத்துக்காட்டு. ஈர முறையில் ஒரு கிலோ கிளிங்கருக்கு (அரைத்தால் சிமென்டாகும் சுட்ட கட்டிக்கு) 1,300 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். முன்சூடாக்கும் உலர் முறையில் 700-ஐ ஒட்டிய அளவு போதும். உலர் முறைக்கு மாறிய இந்திய சிமென்ட் ஆலைகள் இன்று உலகின் திறன்மிக்க ஆலைகளோடு நிற்கின்றன. சீனா 2006-இல் தன் ஆயிரம் பெரிய ஆலைகளுக்குத் தனித்தனி இலக்கு கொடுத்தது; ஐந்தாண்டில் நாட்டின் ஆற்றல் செறிவை, அதாவது காயாவின் மூன்றாவது எண்ணை, 20 சதவீதம் குறைக்க நினைத்து 19.1 சதவீதம் குறைத்தது.

சாலையில், பெட்ரோலின் ஆற்றலில் சக்கரத்துக்குப் போவது நான்கில் ஒரு பங்கை ஒட்டியே. மின்வண்டியில் பேட்டரியின் ஆற்றலில் 80 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குப் போகிறது. எரிப்பதை விட்டு மின்சாரத்துக்கு மாறுவதே ஒரு பெரிய திறன் மேம்பாடு.

லாபம் இருந்தும் ஏன் நடப்பதில்லை?

காசும் மிச்சம், புகையும் மிச்சம் என்றால் எல்லோரும் பாய்ந்து செய்ய வேண்டுமே. செய்யாததற்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது, அநியாயமும்கூட. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நியாயமாகவே நடந்துகொள்கிறார்கள்.

வாடகை வீட்டில் மின்விசிறி மாட்டுபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். வீட்டுக்காரர் ஏன் கூடுதலாக 1,500 ரூபாய் கொடுத்து பிஎல்டிசி வாங்க வேண்டும்? பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் ஏன் அடுத்தவர் வீட்டுக்கு மின்விசிறி வாங்க வேண்டும்? அடுக்ககம் கட்டி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலும் இதே கதை.

தினக்கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு இன்றைய 1,500 ரூபாய், அடுத்த ஆண்டு மிச்சமாகப்போகும் 1,300 ரூபாயைவிடக் கனமானது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள்ளேயே அடங்கிவிடும் எளிய வீட்டுக்குத் திறன்மிக்க மின்விசிறியால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. மிச்சம் முழுக்க மின்வாரியத்துக்கும் பூமிக்கும். அப்படியானால் அந்த மின்விசிறியின் விலையில் ஒரு பங்கை வாரியம் ஏற்பதுதானே முறை?

வேளாண் பம்புசெட்டும் இப்படியே. 1990 முதல் தமிழ்நாட்டு உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய், மின்னழுத்தமும் ஏறி இறங்கும் சூழலில், எதற்கும் தாங்கட்டும் என்று பெரிய ஹெச்பி மோட்டாரை வாங்குகிறார் உழவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திறன்மிக்க பம்ப் வாங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? நாட்டின் பம்ப் உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருந்தும், நல்ல பம்ப் வயலுக்குப் போய்ச் சேராததன் காரணம் இதுதான்.

மின் நிறுவனத்தின் நிலையும் இக்கட்டானது. யூனிட் விற்றால்தான் அதற்கு வருமானம். விற்பனையைக் குறைக்கும் வேலையை விற்பவரிடமே கொடுத்தால் மனமுவந்து செய்வாரா?

ஜெவன்ஸ் எழுப்பிய கேள்வி

இந்தத் துறையைத் துரத்தும் 160 ஆண்டுப் பழைய மறுப்பு ஒன்றும் உண்டு. 1865-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரி பற்றிய தம் நூலில் கேட்டார்: இயந்திரங்களின் திறன் கூடினால் கரி மிச்சமாகும் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்குத் தேவையான கரி மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1830-க்கும் 1863-க்கும் இடையில் மொத்தக் கரிச் செலவோ பத்து மடங்கானது. மலிவானதால் அதிகம் பயன்படுத்தினார்கள்.

இது தள்ளிவிடக் கூடிய வாதமல்ல. நூறு ரூபாய் மிச்சமானால் அதை எங்காவது செலவழிக்கத்தான் செய்வோம். ஆனால் இன்றைய ஆய்வுகள் காட்டும் அளவு வேறு. வீட்டுச் சாதனங்களில் மிச்சமாவதில் பத்து முதல் முப்பது சதவீதம் வரை கூடுதல் பயன்பாடாகத் திரும்பிப் போகிறது, மீதி நிற்கிறது. எல்இடி மாட்டிய யாரும் ஆறு மடங்கு நேரம் விளக்கெரிப்பதில்லை.

தவிர, திரும்பிப் போகும் பங்கு எல்லா இடத்திலும் குற்றமாகாது. ஒற்றைப் பல்போடு இருந்த வீட்டில், மிச்சமான மின்சாரத்தில் சமையலறைக்கும் ஒரு விளக்கு வந்தால் அது வளர்ச்சி. உலகில் 200 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இன்னும் புகையடுப்பில் சமைக்கிறார்கள்; விறகின் ஆற்றலில் பாத்திரத்துக்குப் போவது பத்தில் ஒரு பங்கை ஒட்டியே. அவர்களுக்குத் திறன் என்பது நுரையீரலைக் காப்பது.

ஆனால் தொழில் அளவில் ஜெவன்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறார். 2010-க்கும் 2018-க்கும் இடையில் உலகின் தரவு மையங்களின் கணிப்பு வேலை ஆறு மடங்குக்கு மேலானது. மின்சாரம் கூடியது 6 சதவீதமே. திறனின் பெரும் வெற்றி அது. இன்று செயற்கை நுண்ணறிவு வந்து கணக்கை மாற்றிவிட்டது: 2024-இல் சுமார் 41,500 கோடி யூனிட்டாக இருந்த தரவு மையங்களின் தேவை 2030-இல் இரு மடங்குக்கு மேலாகும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஆகவே திறன் தனியாக நின்று பூமியைக் காக்காது. உமிழ்வுக்கு ஒரு வரம்போ விலையோ கூடவே வேண்டும். வரம்பு இருக்கும் இடத்தில் திறன் அந்த வரம்புக்குள் நல்வாழ்வு வாழ வழி செய்கிறது.

எது பலன் தருகிறது

வெவ்வேறு நாடுகளில் வெற்றி கண்ட திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. சேமித்த யூனிட்டுக்கு ஓர் உரிமையாளரை அவை உண்டாக்கியிருக்கின்றன.

கலிபோர்னியா 1982-இல் மின் நிறுவனங்களின் வருமானத்தை விற்பனை அளவிலிருந்து துண்டித்தது. குறைவாக விற்றாலும் நஷ்டமில்லை என்றானபின், சேமிப்புத் திட்டங்களை நிறுவனங்களே நடத்தின. இந்தியாவில் 2012-இல் தொடங்கிய ‘பாட்’ திட்டம், எட்டுத் துறைகளின் 478 பெரிய ஆலைகளுக்கு இலக்கு விதித்தது. இலக்கைத் தாண்டிச் சேமித்த ஆலைக்குச் சான்றிதழ். தவறிய ஆலை அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் மூன்றாண்டுச் சுற்றிலேயே இலக்கைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகமாகச் சேமிப்பு நடந்தது. தவிர்த்த கரியமில வாயு 3.1 கோடி டன். பஞ்சாப் 2018-இல், ஒதுக்கிய அளவைவிடக் குறைவாக மின்சாரம் எடுக்கும் உழவருக்கு யூனிட்டுக்கு 4 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. இலவசத்தைப் பறிக்கவில்லை, மிச்சப்படுத்தியதற்கு விலை கொடுத்தது. உஜாலாவில் ஒரு பொது நிறுவனமே உரிமையாளராக நின்று கோடிக்கணக்கான வீடுகளின் சிறு சேமிப்பை ஒரே பேரமாக்கியது.

யாரும் உரிமையாளராக முடியாத இடத்தில் விதி அந்த வேலையைச் செய்கிறது. மட்டமான மின்விசிறி கடைக்கே வராவிட்டால் வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்ற வழக்கே எழாது. ஏசியின் தொடக்க வெப்பநிலை 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்று 2020-இல் வந்த இந்திய விதி யாரையும் தடுக்கவில்லை, வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பதால், பெட்டியின் ஆரம்ப நிலையை மாற்றியதே பெரிய வேலை.

தேவைப் பக்கத்து மாற்றங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் 2050-க்குள் உமிழ்வில் 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2022-இல் மதிப்பிட்டது. வழிகள் தெரியும். பெரும்பாலானவை செய்து பார்க்கப்பட்டவை. புதிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

புதிய மின் நிலையம் வந்தால் அடிக்கல் உண்டு, கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. 36 கோடி பல்புகள் மாறியதால் கட்டத் தேவையில்லாமல் போன மின் நிலையங்களுக்குக் கல்வெட்டு எங்கே வைப்பது? வெறும் பொட்டல் நிலமாக, யாரும் வீடிழக்காத ஊராக, வெட்டப்படாத காடாக அவை எங்கோ இருக்கின்றன. கண்ணில் படாததைக் கணக்கில் கொண்டுவர ஓர் அரசும் சமூகமும் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

எங்கள் ஈபி அட்டையில் தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று கட்டங்கள் இருக்கின்றன. மிச்சமான யூனிட்டை எழுத ஒரு கட்டம் இல்லை. சென்ற ரீடிங்குக்கு முன் ஹால் மின்விசிறியையும் மாற்றிவிட்டோம். இரவு விளக்கெல்லாம் அணைந்தபின் மீட்டருக்கு முன்னால் நின்று மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். இரண்டு மின்விசிறியும் ஓட, நிமிடத்துக்கு மூன்றே மினுங்கல். முன்பு ஹால் மின்விசிறி ஒன்றே நான்கு முறை மினுங்க வைத்தது. குறைந்துபோன அந்த மினுங்கல்களை எந்த அட்டையும் எழுதிக்கொள்ளாது. ஆனால் அவற்றுக்காக எரிந்திருக்க வேண்டிய கரி எரியவில்லை.